உடலைத் தளர்த்தினால் உள்ளம் தேறும்

மனிதருக்கு வரும் நோய்கள் எத்தனையோ. ஆனால் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே நெஞ்சைக் கலங்கச் செய்வது புற்றுநோய். பல வீடுகளில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. "அந்த வியாதி" என்று தாழ்ந்த குரலில் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நோயுற்றவர் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். குழந்தைகள் ஒன்றும் புரியாமல் பெரியவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை ஆகியவற்றால் நலம் பெற்று, ஆண்டுக்கணக்கில் நம்மிடையே வாழ்கின்றவர் பலர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் முற்றிலும் குணமாகும் புற்றுநோய்களும் உண்டு. எனினும் ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. கட்டியை அகற்றும் கத்தி அச்சத்தை அகற்றுவதில்லை. உடலுக்குள் செல்லும் மருந்து உள்ளத்தின் துயரைத் துடைப்பதில்லை. சிகிச்சை நடக்கும் மாதங்களில் நோயாளி படும் கவலை, தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு ஆகியவற்றுக்கு யார் மருந்து தருவது?

அதற்கு உதவும் ஓர் எளிய பயிற்சியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரிய கருவிகள் தேவையில்லை. படுக்கையில் இருப்பவரும் செய்யலாம். உடலின் தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொள்வதே அப்பயிற்சி. "இதையெல்லாமா கற்றுக்கொள்ள வேண்டும்? படுத்தால் உடம்பு தானே தளர்ந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பதே மருத்துவ உலகம் கண்ட உண்மை.

அச்சம் வந்தால் உடல் என்ன செய்கிறது?

தெருவில் நடந்து போகும்போது ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணமே நம் இதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு வேகமாகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வாய் உலர்ந்துபோகிறது. கால் தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாக முறுக்கேறி நிற்கின்றன. இவற்றை நாம் யோசித்துச் செய்வதில்லை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்க, உடல் முழுவதும் போருக்கு எழுந்தது போல் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் இதை விரிவாக ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். எதிர்த்து நில், அல்லது தப்பி ஓடு என்று ஆபத்து நேரத்தில் உடல் நம்மை ஏவுகிறது என்பதை அவர் விளக்கினார். இது கடவுள் நமக்குத் தந்த நல்ல பாதுகாப்பு. நாய் போய்விட்டால் சிறிது நேரத்தில் இதயமும் மூச்சும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் புற்றுநோயாளியின் அச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விடும் அச்சமா? இன்று சோதனை எடுத்திருக்கிறார்கள். முடிவு அடுத்த வாரம் வரும். அது வந்தபின் ஊசி எத்தனை என்று சொல்வார்கள். ஊசி முடிந்தால் நோய் திரும்பி வருமா என்ற கவலை. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ இடமில்லாத ஆபத்து இது. ஆகவே உடல் இரவும் பகலும் ஆயத்தமாகவே நிற்கிறது. தோள் இறுகுகிறது, கழுத்து வலிக்கிறது, தாடை கெட்டித்துப்போகிறது. தூக்கம் வருவதில்லை, உணவு இறங்குவதில்லை. உடம்பில் தோன்றும் இந்தத் துன்பங்களைக் கண்டு, "நோய் முற்றிவிட்டதோ?" என்று மனம் மேலும் அஞ்சுகிறது. மனம் அஞ்ச அஞ்ச உடல் இன்னும் இறுகுகிறது. செக்கைச் சுற்றும் மாடு போல அச்சமும் இறுக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். "பயப்படாதே" என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை என்பதைத் தேர்வு நாட்களில் நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். ஆனால் இறுக மூடிய கையைத் திற என்றால் கை திறக்கிறது. மனம் நம் சொல்லைக் கேட்காவிட்டாலும் தசைகள் கேட்கும். பயிற்சியின் அடிப்படை இதுதான்.

தளர்வு வேறு, தளர்ச்சி வேறு

தமிழில் "தளர்ச்சி" என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. மனம் தளர்ந்துவிட்டது என்றால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். நடை தளர்ந்தது என்றால் முதுமை வந்துவிட்டது என்று பொருள். ஆகவே நோயாளியிடம் போய், "தளர்ந்திருங்கள்" என்று சொன்னால் அவர் தவறாக எண்ணக்கூடும். நாம் சொல்லும் தளர்வு அதுவன்று. அளவுக்கு மேல் இறுகிப்போன முடிச்சை மெல்ல நெகிழ்த்துவது போன்றது இது. வில்லின் நாணை எந்நேரமும் ஏற்றியே வைத்திருந்தால் வில் வலுவிழந்துவிடும். வேண்டாத நேரத்தில் நாணை இறக்கி வைப்பது வில்லுக்கு நன்மையே அன்றோ?

இதை ஒரு முறையான பயிற்சியாக வகுத்துத் தந்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1888-இல் பிறந்த இவர், மாணவராக இருந்த காலத்திலேயே இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி, பின்னர் சிகாகோ நகரில் அதைத் தொடர்ந்தார். கவலை கொண்டவர்களின் தசைகள், அவர்களே அறியாமல், இறுகிக் கிடப்பதை அவர் கண்டார். படுக்கையில் அசையாமல் கிடப்பவர்களின் தசைகள்கூட ஓய்ந்திருப்பதில்லை என்பதையும் கண்டார். நெற்றி சுருங்கியிருக்கும், நா இறுகியிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும். படுத்திருப்பது வேறு, தளர்ந்திருப்பது வேறு என்பது அவர் கண்ட முதல் பாடம்.

தம் முறையை 1929-இல் மருத்துவர்களுக்காக ஒரு நூலாகவும், 1934-இல் பொதுமக்களுக்காக மற்றொரு நூலாகவும் வெளியிட்டார். ஒரு தசையை முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு அதை விட்டுவிட்டு, விட்டபின் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு தசையாகப் பழக வேண்டும். இதுவே அவர் காட்டிய வழி. இறுக்கத்தை இனம் கண்டுகொள்ளத் தெரியாதவரால் அதை விடவும் முடியாது என்பது அவர் கருத்து.

ஜேக்கப்சனின் மூல முறைக்கு மாதக்கணக்கான பழக்கம் வேண்டியிருந்தது. நோயாளிகளுக்கு அது நீளம். ஆகவே பின்வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். 1973-இல் டக்ளஸ் பெர்ன்ஸ்டைன், தாமஸ் போர்கோவெக் என்ற இரு அமெரிக்க உளவியலார் உடலை 16 தசைத் தொகுதிகளாகப் பிரித்து, சில வாரங்களிலேயே கற்கக்கூடிய வகையில் ஒரு கையேடு எழுதினார்கள். அப்போதுதான் புற்றுநோய் மருத்துவமனைகளின் கதவுகளும் இப்பயிற்சிக்குத் திறந்தன.

ஊசிக்கு முன்பே வரும் குமட்டல்

கீமோதெரபி மருந்துகள் விரைவாகப் பெருகும் புற்று அணுக்களை அழிக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடியவை. குமட்டலை நன்கு தடுக்கும் ஆண்டன்செட்ரான் போன்ற மருந்துகள் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பயனுக்கு வந்தன. அதற்கு முன் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமன்று. வாந்திக்கு அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

இதில் மருத்துவர்களை வியக்க வைத்த ஒன்று உண்டு. மூன்றாவது அல்லது நான்காவது முறை மருத்துவமனைக்கு வரும்போது, ஊசி போடுவதற்கு முன்பே சில நோயாளிகளுக்குக் குமட்டத் தொடங்கியது. மருந்து இன்னும் உடலுக்குள் செல்லவில்லை. ஸ்பிரிட் வாடை போதும்; செவிலியரின் வெள்ளை உடை கண்ணில் பட்டால் போதும்; சிலருக்கு மருத்துவமனை வாயில் தெரிந்தாலே போதும். வயிறு புரளும்.

இது நடிப்பா? மனப்பிரமையா? இரண்டும் அன்று. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனையை அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். உணவு தரும்போதெல்லாம் ஓர் ஒலியையும் கேட்கச் செய்தால், சில நாட்களில் உணவு இல்லாமல் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும். அதே விதிதான் இங்கும். மருந்தும் வாந்தியும் ஒருபுறம். மருத்துவமனையின் வாடையும் காட்சியும் மறுபுறம். இரண்டும் சில முறை சேர்ந்து வந்தால் உடல் அவற்றை ஒன்றாக முடிந்து வைத்துக்கொள்கிறது. மனத்தில் அச்சம் மிகுந்திருந்தால் அந்த முடிச்சு இன்னும் எளிதாக விழுகிறது.

உடல் தானாகக் கற்றுக்கொண்ட தீய பாடம் இது. அப்படியானால், நல்ல பாடம் ஒன்றைக் கற்பித்து இதை மறக்கச் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆராய்ச்சிகள் பிறந்தன.

ஐம்பது நோயாளிகள் தந்த விடை

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே உளவியல் துறையில் பணியாற்றிய தாமஸ் பரிஷும் அவருடைய தோழர்களும் செய்த ஆய்வு 1982-ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தப் பரிஷ் அவர்களே பிற்காலத்தில், 2005 முதல் 2020 வரை, நோட்ரடாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்விப் பணிகளின் தலைமைப் பொறுப்பை வகித்தவர்.

கீமோதெரபி பெற்றுவந்த 50 நோயாளிகளை அவர்கள் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினருக்குத் தசைத் தளர்வுப் பயிற்சியும், அமைதியான ஓர் இடத்தை மனக்கண்ணில் காணும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. இரண்டாம் பிரிவினருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் அருகில் அமர்ந்து ஆறுதலும் ஊக்கமும் கூறினார். மூன்றாம் பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர்.

முடிவு என்ன? தளர்வுப் பயிற்சி பெற்றவர்கள், மருந்து ஏறும்போது தங்களுக்குக் கவலையும் குமட்டலும் குறைந்திருந்ததாகச் சொன்னார்கள். மருந்து ஏறி முடிந்தபின் அவர்களுடைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன, மனச்சோர்வும் குறைந்திருந்தது. வீட்டுக்குச் சென்ற பின்னும் குமட்டலின் கடுமையும், அது நீடித்த நேரமும் குறைந்திருந்தன. அருகில் இருந்து பார்த்த செவிலியரும் அவ்வாறே கூறினர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இரண்டாம் பிரிவு. ஒருவர் உடனிருந்து ஆறுதல் கூறிய அப்பிரிவினருக்கும், ஒன்றுமே பெறாத மூன்றாம் பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை! ஆறுதல் சொல்வது வீண் என்று இதற்குப் பொருள் அன்று. துன்பத்தில் துணை நிற்பது என்றும் உயர்ந்த செயலே. ஆனால், "கவலைப்படாதே" என்று சொல்வது வேறு. கவலை வரும்போது என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பது வேறு. பயன் தந்தது கற்றுக்கொண்ட திறமையே.

அதே 1982-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கேரி மாரோ என்பவரும் அவருடைய துணைவரும் 60 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வும் வெளிவந்தது. ஊசிக்கு முன்பே குமட்டல் வரும் நோயாளிகள் இவர்கள். ஒரு பிரிவினருக்கு முதலில் தளர்வுப் பயிற்சி கற்பித்தார்கள். பின் அந்தத் தளர்ந்த நிலையிலேயே மருத்துவமனைக்குப் புறப்படுவது முதல் ஊசி போடும் அறையில் அமர்வது வரை, ஒவ்வொரு படியாக மனத்தில் கண்டு பழகச் செய்தார்கள். முன்பு அச்சத்தோடு முடிந்திருந்த காட்சி இப்போது அமைதியோடு முடியப்பட்டது. அவர்களுக்கு முன்கூட்டியே வரும் குமட்டல் குறைந்தது. அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினருக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை.

இவை சிறு ஆய்வுகள்தாமே என்று சிலர் எண்ணக்கூடும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் இத்தகைய 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக் காலத்தில் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கு வலியும் குமட்டலும் தணிந்ததோடு, கவலை, மனச்சோர்வு, மனஇறுக்கம், சினம் ஆகியவையும் குறைந்ததை அவர்கள் கண்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகம் மற்றொரு மருத்துவ அமைப்புடன் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட நெறிமுறையிலும், சிகிச்சை பெறுவோரின் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் உதவக்கூடியவற்றுள் தளர்வுப் பயிற்சியும் யோகாசனமும் இடம்பெற்றுள்ளன.

பயிற்சி செய்வது எப்படி?

நோயாளியின் வீட்டிலோ மருத்துவமனைக் கட்டிலிலோ செய்யக்கூடிய எளிய வடிவத்தை இங்கே காண்போம். தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஆரவாரம் இல்லாத இடம் வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றை நிறுத்திவிடலாம். இறுக்கமான உடையை நெகிழ்த்திக்கொண்டு, சாய்ந்து அமரலாம் அல்லது படுக்கலாம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் வசதியாக இருக்கும்.

அடுத்து வலது கையை இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஐந்தாறு வினாடிகள் அப்படியே வைத்து, விரல்களிலும் முன்கையிலும் உண்டாகும் இழுப்பைக் கவனிக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட வேண்டும். அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல், கை கனத்து, இதமாகக் கிடப்பதைக் கவனிக்க வேண்டும். பின் இடது கை. அதன்பின் இரு மேற்கைகள், நெற்றி, கண் இமைகள், தாடை, கழுத்து, தோள்கள், மார்பு, வயிறு, தொடைகள், கெண்டைக்கால்கள், பாதங்கள் என்று வரிசையாகச் செல்ல வேண்டும். எங்கும் வலிக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. தோளைக் காது வரை உயர்த்தி மெல்லக் கீழே விடுவதும், பற்களைக் கடித்துப் பிறகு வாயைச் சற்றே திறந்து விடுவதும் பலருக்கு உடனே இதம் தரும்.

எல்லாம் முடிந்தபின் கண்களை மூடியவாறே தமக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளலாம். சிலருக்கு அது பிறந்த ஊரின் ஆற்றங்கரையாக இருக்கும். சிலருக்கு மாந்தோப்பாக இருக்கும். காற்றின் குளிர்ச்சி, இலைகளின் சலசலப்பு, மண்ணின் மணம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தால் மனம் அங்கேயே தங்கும். எழுந்திருக்கும்போது சட்டென்று எழாமல், கை கால்களை அசைத்து, மெல்ல எழ வேண்டும்.

இதற்கு 20 நிமிடம் போதும். நாள்தோறும் ஒரு வேளையேனும் செய்ய வேண்டும். முதல் நாளே பயன் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. நீச்சலும் ஹார்மோனியமும் ஒரே நாளில் வந்துவிடுகின்றனவா? ஒன்றிரண்டு வாரங்கள் பழகியபின், இறுக்காமலேயே, நினைத்த மாத்திரத்தில் தோளையும் தாடையையும் தளர்த்த முடியும். அப்போது மருத்துவமனையின் பெஞ்சில் காத்திருக்கும் வேளையிலும், மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும் வேளையிலும் யாரும் அறியாமல் செய்துகொள்ளலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. அறுவைச் சிகிச்சை நடந்த பகுதியையும், ஊசிக்குழாய் பொருத்திய கையையும், எலும்பில் வலி உள்ள இடத்தையும் இறுக்கவே கூடாது. அங்கெல்லாம் இறுக்காமல், தளர்வதாக எண்ணிக்கொண்டால் போதும். கண்ணை மூடினால் அச்சம் கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, ஒரு படத்தையோ சன்னலையோ பார்த்துக்கொண்டு செய்யலாம். அப்போதும் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சும் செபமாலையும்

தசைகளை இறுக்கவே முடியாத அளவுக்குச் சோர்ந்தவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு மூச்சு ஒன்றே போதும். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டி, வயிறு மெல்ல எழுந்து தாழுமாறு விட்டால், உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. இதயத்தின் ஓட்டம் நிதானமடைகிறது.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் எழுதிய நூலில், அச்சத்துக்கு எதிரான ஓர் அமைதி நிலையும் நம் உடலில் இயல்பாகவே அமைந்திருக்கிறது என்று விளக்கினார். ஒரு சொல்லையோ சிறு செபத்தையோ மூச்சுடன் சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வதும், இடையில் வரும் வேறு எண்ணங்களைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதும் அந்த நிலைக்கு வழி என்றார்.

இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் பிறரும் செய்த ஆய்வு 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. உடல்நலம் உள்ள 23 பேர் இலத்தீன் மொழியில் "மங்கள வார்த்தை" செபத்தைச் செபமாலை முறையில் சொன்னபோது, அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு 6 முறை என்ற அளவுக்கு நிதானமடைந்தது. யோக மந்திரத்தைச் சொன்னபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்து வந்தன. செபத்தின் பொருளையும் அருளையும் அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆனால் செபமாலை சொல்லி முடித்த பாட்டியின் முகத்தில் நாம் காணும் அமைதிக்கு, அவருடைய மூச்சும் துணை செய்கிறது என்பதை அறிவியல் எடுத்துக்காட்டுகிறது. எந்தச் சமயத்தவரும் தத்தம் வழிபாட்டுச் சொற்களைக் கொண்டே இதைப் பழகலாம்.

செய்யக்கூடியதும் செய்ய முடியாததும்

இவ்வளவு சொன்னபின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தளர்வுப் பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பதிலாக இதைக் கொள்ளவே கூடாது.

இது குறித்து மருத்துவ உலகமே ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்புக் கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களைப் பற்றிய ஆய்வை 1989-இல் வெளியிட்டார்கள். வாரந்தோறும் கூடிப் பேசி, வலி தணிக்கும் மனப்பயிற்சியும் கற்ற பெண்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்ததாக அதில் கண்டார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதே ஸ்பீகல் அவ்வாய்வை மறுபடியும் வேறு பெண்களிடம் செய்து பார்த்தார். ஆயுள் நீளவில்லை. அந்த முடிவையும் 2007-இல் மறைக்காமல் வெளியிட்டார். உண்மையைத் தேடுபவருக்கு அழகு அதுவே.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது பெரிது. "மனத்தைத் திடமாக வைத்துக்கொண்டால் நோய் ஓடிவிடும்" என்று சொல்லும்போது, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் நோய் குறையாவிட்டால், "என் மனம் திடமாக இல்லாததால்தான் நோய் முற்றியது" என்று நோயாளி தம்மையே நொந்துகொள்வார். நோயின் பாரத்தோடு பழியின் பாரமும் சேர்ந்துவிடும். அந்தக் கொடுமையை நாம் செய்யலாகாது. அழ விரும்பினால் அவர் அழட்டும். அச்சத்தைச் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். பல வாரங்களாக எதிலும் நாட்டமின்றி, உண்ணாமல் உறங்காமல், வாழவே விருப்பமில்லை என்று பேசினால், பயிற்சியோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மனச்சோர்வும் சிகிச்சைக்குரிய நோயே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பயிற்சியின் பயன்தான் என்ன? புற்றுநோய் வந்தது முதல் எல்லாக் காரியங்களையும் பிறரே செய்கிறார்கள். மருத்துவர் முடிவு செய்கிறார்; செவிலியர் ஊசி போடுகிறார்; பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்கள். நேற்று வரை வீட்டையே ஆண்டுவந்த தாய், இன்று "நீ சும்மா படுத்திரு" என்ற சொல்லைக் கேட்டுக் கிடக்கிறாள். தன் கையில் ஒன்றுமே இல்லை என்ற அந்த எண்ணமே உள்ளத்தை மிகவும் வாட்டுவது. தளர்வுப் பயிற்சி அவள் கையில் ஒன்றைத் திருப்பித் தருகிறது. நோயை அவளால் அடக்க முடியாமல் போகலாம். ஆனால் இந்த நிமிடத்தின் படபடப்பை அவளால் அடக்க முடியும். அதைத் தானே செய்தாள் என்ற உணர்வு சிறியதன்று.

நாம் செய்யக்கூடியது

அன்பு மாணவியரே! நம்முள் சிலருடைய இல்லங்களிலும் உறவினர் இல்லங்களிலும் இந்நோயால் துன்புறுவோர் இருக்கக்கூடும். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. அருகில் அமர்ந்தாலும், கையைப் பிடித்தாலும், ஒரே தட்டில் உண்டாலும் அது ஒட்டிக்கொள்ளாது. ஆகவே ஒதுங்கி நிற்காதீர்கள். சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய், ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

"தைரியமாக இருங்கள் பாட்டி" என்று சொல்வதற்குப் பதிலாக, "பாட்டி, வாருங்கள், நானும் உங்களோடு செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மேலே கண்ட பயிற்சியை நிதானமான குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு வாரம் பழகிக்கொள்ள வேண்டும். தமக்குத் தெரியாததைப் பிறருக்குக் கற்பிக்க முடியாதல்லவா? அவர் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். இன்று வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நாளை மீண்டும் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நோயாளியைக் கவனிப்பவரும் அச்சத்திலும் இறுக்கத்திலும் இருப்பவரே. இரவெல்லாம் கண்விழித்து, காலையில் சமைத்து, பேருந்து பிடித்து மருத்துவமனைக்கு ஓடும் தந்தையோ தமக்கையோ நாளுக்கு 20 நிமிடம் தம் உடலைத் தளர்த்திக்கொள்வது தன்னலமன்று. விளக்கில் எண்ணெய் இருந்தால்தானே பிறருக்கு ஒளி தர முடியும்?

தேர்வு அறையில் வினாத்தாளைக் கண்டு கை நடுங்கும் மாணவிக்கும் இதே பயிற்சி உதவும். சிறு அச்சங்களில் இன்று பழகினால், பெரிய அச்சம் ஒன்று வீட்டுக்கு வரும் நாளில் நமக்கும் பிறருக்கும் அது துணையாகும். நோயை வெல்லும் வழியை மருத்துவர்கள் தேடட்டும். நோயோடு வாழும் ஒருவரின் ஒரு மாலைப்பொழுதை அமைதியானதாக ஆக்குவது நம்மால் இயலும். அதை இன்றே கற்றுக்கொள்வோம்.